ஓய்வெடுக்கத் தெரியாத செடியும் என் வீட்டுக்காரரும்

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மனிதர் வீட்டில் ஏன் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்கார மாட்டேன் என்கிறார்? இந்தக் கேள்வியோடு என் அடுப்படிக்கு வருகிற பெண்கள் கோலா தெர்லாவில் நிறையப் பேர். அவர்களுடைய வீட்டுக்காரர்களும் ஒவ்வொருவராக அறுபதைத் தொடுகிறார்கள். எங்கள் வீட்டில் அது கொஞ்சம் முன்னாலேயே நடந்துவிட்டதால் என்னிடம் ஏதோ மருந்து இருப்பதாக அவர்களுக்கு நினைப்பு. மருந்து இல்லை. விளக்கம் இருக்கிறது, ஆனால் நீளம். அதனால் முதலில் தேத்தண்ணி கலந்து கையில் கொடுத்துவிட்டு, "தப்பு அவங்க மேலே இல்ல தங்கச்சி, சூரியன் மேலே" என்று ஆரம்பிப்பேன்.

ஊரைத் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. ஈப்போ பக்கமிருந்து சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன் மலை ஏறி வந்தால் முதலில் கம்போங் ராஜா வரும். அதைத் தாண்டி திரிங்காப், கியா பார்ம், பிரிஞ்சாங் என்று போகிற சாலையில் தொடக்கத்திலேயே இருப்பது எங்கள் ஊர். தெர்லா ஆறு தெலோம் ஆற்றில் வந்து சேரும் பள்ளத்தாக்கு. சரிவெல்லாம் பிளாஸ்டிக் கூரை போட்ட காய்கறித் தோட்டங்கள். முட்டைக்கோஸ், தக்காளி, சாலட் இலை, பூ. தேயிலைத் தோட்டங்கள் இங்கிருந்து எந்தப் பக்கம் போனாலும் தூரமில்லை. என் வீட்டுக்காரர் அந்தத் தேயிலையில்தான் மண்டோராக இருந்து, பிறகு மேற்பார்வையாளராகி ஓய்வு பெற்றார். தோட்டத்து வீடு வேலையோடு வருவது, வேலையோடு போவது. அதனால் பிள்ளைகள் சேர்ந்து இங்கே ஒரு வீட்டைப் பிடித்துக் கொடுத்தார்கள். முன்வாசலில் செம்பருத்தி வேலி, பக்கத்தில் என் ரோஜாச் செடிகள். அந்த வேலியைப் பற்றிப் பின்னால் பேச வேண்டியிருக்கிறது.

இப்போது சூரியனுக்கு வருவோம்.

மாசி, பங்குனி மாதங்களை உலகத்தில் பாதிப் பேர் வசந்தம் என்கிறார்கள். எங்கள் ஊரில் வசந்தம் வருவது சீனப் பெருநாளோடுதான். அதுவும் காற்றில் வருவதில்லை. எதிர்வீட்டு தவுக்கே (சீன முதலாளி) கதவில் ஒட்டுகிற சிவப்புத் தாளில், தங்க எழுத்தில் வருகிறது. அந்தத் தாளைத் தவிர வேறெதுவும் மாறுவதில்லை. பகலில் இருபத்து மூன்று, இருபத்து நான்கு டிகிரி. ராத்திரி பதினைந்து, பதினாறு. ஜனவரியும் பிப்ரவரியும் மழை கொஞ்சம் குறைந்து, ஏப்ரலில் மறுபடி பிடித்துக்கொள்ளும். குளிர் என்று இந்த மலை பெரிதாகச் சொல்லிக்கொள்ளக் கூடியது 1978 பிப்ரவரி 1ஆம் தேதி மட்டும்தான். அன்றைக்கு 7.8 டிகிரி வரை இறங்கியது. இன்னும் கம்பளி போர்த்திக்கொண்டு அதைப் பற்றிப் பேசும் பெரியவர்கள் இருக்கிறார்கள்.

காரணம் எளிது. நாம் இருப்பது பூமத்திய ரேகைக்கு வடக்கே நாலரை டிகிரியில். வருடத்திலேயே நீளமான பகலுக்கும் குட்டையான பகலுக்கும் இங்கே வித்தியாசம் சுமார் அரை மணி நேரம். டார்ஜிலிங் இருப்பது 27 டிகிரியில். அங்கே மார்கழியில் பகல் பத்தரை மணி நேர அளவுக்குச் சுருங்கிவிடும். ஆனியில் பதிமூன்றே முக்கால் மணி நேரத்துக்கு நீளும். தேயிலைச் செடி இந்தப் பகல் நேரத்தைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறது. பகல் பதினொன்றே கால் மணி நேரத்துக்குக் கீழே போய், அப்படியே ஆறு வாரமாவது நீடித்தால் அது வளர்வதை நிறுத்திவிட்டுத் தூங்கப் போய்விடும். அந்த அளவுக்குப் பகல் சுருங்க வேண்டுமானால் பூமத்திய ரேகையிலிருந்து பதினாறு, பதினெட்டு டிகிரியாவது தள்ளிப் போக வேண்டும். அதனால்தான் டார்ஜிலிங்கிலும் அசாமிலும் டிசம்பருக்குள் கொழுந்து பறிப்பு நின்று, பிப்ரவரி கடைசியிலோ மார்ச்சிலோதான் மறுபடி துளிர்க்கிறது. குளிர்காலம் முழுக்கத் தூங்கி எழுந்த செடியின் அந்த முதல் துளிருக்குத்தான் அத்தனை விலை. சீனாவில் ஏப்ரல் 5ஆம் தேதி வாக்கில் வருகிற கல்லறைத் திருநாளுக்கு முன்னால் பறித்த இலை என்றால் தனி மரியாதை. ஜப்பானில் மே மாதத் தொடக்கத்தை எதிர்பார்த்திருப்பார்கள்.

நம்முடைய செடிக்கு அப்படி ஒரு நாள் கிடையாது. நீலகிரி, வால்பாறை, நுவரெலியா போலவே இங்கேயும் பன்னிரண்டு மாதமும் கொழுந்துதான். வெயில் நாளில் கொஞ்சம் சுணங்கும், மழை விழுந்தால் பொங்கும். அவ்வளவுதான் பருவம். 1929இல் ஜே. ஏ. ரசல் இந்த மலையில் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1933இல் பாரத் தோட்டம் வந்தது. அன்றிலிருந்து இன்றுவரை 'இந்த வருசத்துக்குப் போதும், கதவைச் சாத்து' என்று ஒரு மாதத்தைச் செடி யாருக்கும் கொடுத்ததில்லை.

இதை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஒரு மலைச்சரிவில் இன்றைக்குக் கொழுந்து எடுத்தால், அந்த இடத்துக்கு ஏறக்குறைய மூன்று வாரத்தில் திரும்பி வர வேண்டும். அதைத்தான் ரவுண்டு என்கிறோம். இரண்டு நாள் பிந்தினால் இலை முற்றிப்போகும். முற்றின இலையைத் தொழிற்சாலையில் வாட்டினாலும் சரியாகச் சுருளாது. இரண்டு நாள் முந்தினால் எடை கிடைக்காது. தோட்டம் பெரிது, கடைசிச் சரிவை முடிக்கும்போது முதல் சரிவு தயாராக நிற்கும். நடுவில் மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு பகுதியையும் கவாத்து வெட்ட வேண்டும். வெட்டிய பகுதி சுமார் மூன்று மாதம் கழித்துத்தான் மறுபடி கொழுந்து தரும். எதை எப்போது வெட்டுவது, எந்த ஆளை எங்கே அனுப்புவது, இயந்திரத்தை எந்தச் சரிவில் இறக்கலாம், எந்தச் சரிவில் கத்தரிதான் ஓடும் என்ற கணக்கெல்லாம் ஒரு மனிதர் தலைக்குள் முப்பது வருடத்துக்கு மேல் ஓடியிருக்கிறது. காலையில் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுவதில் தொடங்கி, மாலையில் இலை நிறுத்து லாரி ஏற்றும்வரை. ஞாயிற்றுக்கிழமை இருந்தது, தீபாவளி இருந்தது, தைப்பூசத்துக்குப் பிரிஞ்சாங் தண்டாயுதபாணி கோயில் இருந்தது. ஆனால் அந்த நாட்களிலும் செடி வளர்ந்துகொண்டேதான் இருந்தது. திங்கட்கிழமை அது இவரைத் துரத்தும்.

செடி மட்டுமா? எங்கள் ஆற்றையே பாருங்கள். பகாங்கில் பிறந்த தெலோம் பாட்டுக்கு ஜெலாய், பகாங் ஆறு என்று போய்த் தென்சீனக் கடலில் விழுந்திருக்க வேண்டியது. அதன் தண்ணீரில் ஒரு பங்கை மலைக்குள் சுரங்கம் வெட்டிப் பெர்தாம் ஆற்றுப் பக்கம் திருப்பி, 1963இல் கட்டி முடித்த ரிங்லெட் அணையில் தேக்கி, இன்னொரு சுரங்கம் வழியாகப் பேராக் பக்கம் ஜோர் மின் நிலையத்துக்கு இறக்குகிறார்கள். அது கடைசியில் மலாக்கா நீரிணைக்குப் போய்ச் சேர்கிறது. கடலுக்குப் போகிற வழியில்கூட ஆறு மின்சார ஷிப்டு பார்த்துவிட்டுப் போகிற ஊரில் ஒரு மனிதரைச் சும்மா இரு என்றால் எப்படி இருப்பார்?

இந்த இடம் வரும்போது பெரும்பாலும் முதல் தேத்தண்ணி முடிந்திருக்கும். இரண்டாவதைக் கலக்க அவரே வந்துவிடுவார். அதுவும் ஒரு நோய்தான்.

ஓய்வு பெற்ற முதல் வாரத்திலேயே அடுப்படி அவர் மேற்பார்வைக்குள் வந்துவிட்டது. "தண்ணி இன்னும் கொதிக்கல", "தூளு அதிகம்", "மூடி வைக்கணும், எத்தனை தடவை சொல்றது". நான் நாற்பது வருடமாகக் கலந்த தேத்தண்ணியைக் குடித்துத்தான் இந்த மனிதர் மலை ஏறினார். ஆனாலும் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன், தண்ணீர் விஷயத்தில் அவர் பேச்சில் பாதி உண்மை. கடல் மட்டத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். மேலே ஏற ஏறக் காற்றின் அழுத்தம் குறைவதால் ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு டிகிரி குறைந்துகொண்டே போகும். எங்கள் உயரத்தில் 95, 96 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. பெரிய இலைத் தூளாக இருந்தால் இந்த நாலைந்து டிகிரி குறைவு தெரியும். சாறு மெதுவாக இறங்கும், ஒரு நிமிடம் கூடுதலாக மூடி வைக்க வேண்டும். கடைகளில் தே தாரிக்குக்குப் போடுகிற பொடித் தூள் துகள் துகளாக இருப்பதால் சட்டென்று சாறு விட்டுவிடும். அதற்கு இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். நம் வீட்டில் இருப்பது பொடித் தூள். இதை அவரிடம் சொன்னேன். அன்று மாலையே பிரிஞ்சாங் போய் பெரிய இலைத் தூள் வாங்கி வந்துவிட்டார், மூடி வைக்கிற வேலை இருக்க வேண்டுமே என்று.

வேலிக்கு வருகிறேன். செம்பருத்தி நான் வைத்தது. ஆள் உயரத்துக்கு வளர்ந்து, தினமும் சாமிக்குப் பூ கொடுத்துக்கொண்டிருந்தது. ஒருநாள் காய்கறி வாங்கிவிட்டுத் திரும்பினால் வேலி என் இடுப்பளவில் நிற்கிறது. மேல்பக்கம் மேசை போல ஒரே மட்டத்துக்கு வெட்டியிருக்கிறது. தேயிலைச் செடியைக் கை எட்டும் உயரத்தில் தட்டையாக வைத்திருப்பார்களே, அந்த மட்டம். கையில் கத்தரி. முகத்தில் பல மாதமாக நான் பார்க்காத சந்தோசம்.

"ஏங்க, பூ எங்கே?"

"பக்கத்துக் கிளை அடிக்கும் பாரு. மூணு வாரம்."

மூன்று வாரத்தில் துளிர் வந்தது உண்மை. வந்த துளிரை அவர் மறுபடி வெட்டினார். தேயிலையில் நுனியைக் கிள்ளக் கிள்ளப் பக்க அரும்புகள் விழித்துக்கொண்டு புதர் அடர்த்தியாகும். இலைதானே அங்கே மகசூல். செம்பருத்தி பூப்பது புதிதாக வளரும் நுனியில். நுனியை விடாமல் வெட்டினால் பச்சைச் சுவர் கிடைக்கும், பூ கிடைக்காது. இதைப் புரியவைக்க எனக்கு நேரம் எடுத்தது. ரோஜாவைப் பொறுத்தவரை நான் முந்திக்கொண்டேன். கவாத்து வெட்டினால் நன்றாகப் பூக்கிற செடி என்பதால் அதை அவருக்கே எழுதிக் கொடுத்துவிட்டேன்.

கோலாலம்பூரில் மகள் வீட்டில் கொண்டுபோய் விட்டும் பார்த்தோம். மாடி வீடு. கீழே பொதுத் தோட்டம், அதில் நீளமாக வேலிச் செடி. மிச்சத்தை நான் சொல்ல வேண்டியதில்லை. காவலாளி மகளைத் தொலைபேசியில் கூப்பிட்டிருக்கிறார். "வெயில் தாங்கல, அதான் வந்துட்டேன்" என்று இவர் ஊருக்குத் திரும்பி வந்து சொன்னதை நானும் நம்பிவிட்டதாக வைத்துக்கொண்டேன்.

சில பெண்கள் இந்த இடத்தில், "இது நம்ம ஊர் ஆம்பளைங்களுக்கு மட்டும்தானா அக்கா?" என்று கேட்பார்கள். இல்லவே இல்லை. ஜப்பானில் நொபுவோ குரோகாவா என்ற மருத்துவர் 1990களின் தொடக்கத்திலேயே இதற்கு ஒரு நோய்ப் பெயர் வைத்துவிட்டார். வேடிக்கை என்னவென்றால் அந்த நோய் ஓய்வு பெற்றவருக்கு இல்லை, அவருடைய மனைவிக்கு. கணவர் முழு நேரமும் வீட்டில் இருக்கத் தொடங்கியதும் தலைவலி, வயிற்று வலி, தூக்கமின்மை என்று வருகிற பெண்களைப் பார்த்துப் பார்த்து அவர் சொன்னது. இதைக் கேட்டதும் வந்தவர்கள் முகத்தில் தெரியும் நிம்மதியை நீங்கள் பார்க்க வேண்டும். இரண்டு பிஸ்கட் கூடுதலாக எடுத்துக்கொள்வார்கள்.

உண்மையில் ஓய்வு என்பதே மனிதர்களுக்குப் புதுப் பழக்கம். வயதானவர்களுக்கு அரசாங்கமே ஏற்பாடு செய்கிற ஓய்வூதியம் என்று ஜெர்மனியில் பிஸ்மார்க் சட்டம் கொண்டுவந்தது 1889இல். அப்போது அதற்கு வயது 70. அறுபத்தைந்தாகக் குறைத்தது 1916இல். நம் நாட்டில் ஊழியர் சேமநிதி தொடங்கியது 1951. தோட்டத்தில் நம் அப்பா தலைமுறைக்கு 55 வயதில் வேலை முடிந்தது. 2012ஆம் ஆண்டுச் சட்டம் 2013 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த பிறகு தனியார் துறையிலும் குறைந்தபட்சம் 60 என்றானது. அந்த அப்பாக்களோ வேலை போன மறுநாள் கொல்லையில் மாடு கட்டினார்கள், கீரை போட்டார்கள். அவர்கள் சும்மா இருந்ததை நாமும் பார்த்ததில்லை. யாரைப் பார்த்து இவர் கற்றுக்கொள்வார்?

சேமநிதி என்றதும் நினைவுக்கு வருகிறது. எங்கள் வீட்டில் வசந்தம் என்று ஒன்று உண்டென்றால் அது மார்ச் தொடக்கத்தில் இ.பி.எஃப். லாப ஈவு அறிவிக்கிற நாள்தான். பணத்தை 55 வயதில் மொத்தமாக எடுக்கலாம், மாதாமாதம் கொஞ்சமாக எடுக்கலாம், அப்படியே விட்டும் வைக்கலாம். விட்டு வைத்தால் வருடாவருடம் லாப ஈவு சேரும். மொத்தமாக எடுத்து கார், கல்யாணம், மச்சான் வியாபாரம் என்று கரைத்தவர்களை இந்த மலையில் எல்லோருக்கும் தெரியும். இவர் கரைக்கவில்லை, மாசாமாசம் வீட்டுச் செலவுக்கு மட்டும் எடுக்கிறார். அந்தப் புத்திக்காக வேலியை மன்னித்துவிட்டேன். ஆனால் பிப்ரவரி பாதியிலிருந்தே வானொலியும் கையுமாக உட்கார்ந்துவிடுவார். 2023ஆம் ஆண்டுக்கு 5.50 விழுக்காடு கொடுத்தார்கள். 2024ஆம் ஆண்டுக்கு 6.30 என்று 2025 மார்ச் 1இல் அறிவித்தபோது வாசலுக்குப் போய்த் தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். எதிர்வீட்டு தவுக்கேக்கு யாருக்கோ குழந்தை பிறந்திருக்கிறது என்று தோன்றியிருக்கிறது. மறுநாள் ஆரஞ்சுப் பழம் கொண்டுவந்து கொடுத்தார்.

அந்த தவுக்கேயைப் பற்றித்தான் சொல்ல வந்தேன், ஏனென்றால் எங்கள் வீட்டுக்கு விடிவு அவர் பூத்தோட்டத்திலிருந்துதான் கிடைத்தது.

ராத்திரியில் கேமரன் மலைக்கு வந்தவர்கள் பார்த்திருப்பார்கள், சரிவுகளில் பிளாஸ்டிக் கூடாரங்கள் வரிசையாக விளக்கு எரிந்துகொண்டிருக்கும். சுற்றுலா வருகிறவர்கள் படம் எடுத்துவிட்டு அழகு என்று போய்விடுவார்கள். அது அழகுக்கு இல்லை, சாமந்திக்கு. சாமந்தி தேயிலைக்கு நேர்மாறான செடி. ராத்திரி நீண்டால்தான் பூக்கும். நம் ஊரில் வருடம் முழுக்க ராத்திரி பன்னிரண்டு மணி நேரம். அதற்கு அதுவே போதுமான நீளம். சும்மா விட்டால் நாற்று சாண் உயரம் வருவதற்குள் மொட்டு வைத்துவிடும். அந்தக் குட்டைக் காம்பை எந்தக் கடையில் விற்பது? அதனால் நட்டவுடன் ராத்திரியில் விளக்குப் போட்டு, பகல் இன்னும் முடியவில்லை என்று செடியை நம்பவைக்கிறார்கள். காம்பு வேண்டிய உயரம் வந்ததும் விளக்கை அணைக்கிறார்கள். அணைத்த நாளிலிருந்து ஏழெட்டு வாரத்தில் கூடாரம் மொத்தமும் ஒன்றாகப் பூக்கும். சீனப் பெருநாளுக்குப் பூ வேண்டுமா, பெருநாள் தேதியிலிருந்து பின்னால் எண்ணி அணைக்கிற ராத்திரியைக் குறித்துக்கொள்ள வேண்டியதுதான். கதவில் ஒட்டுகிற வசந்தம் தாளில் வருகிறது என்றேன் அல்லவா, கூடாரத்துக்குள் வருகிற வசந்தம் ஸ்விட்சில் வருகிறது.

இவருக்கு முதலில் இது பிடிபடவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு, "விளக்கை அணைக்க மறந்துட்டான் பாரு, கரண்டு காசு என்னாகும்" என்று எதிர்வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டும் வந்துவிட்டார். தவுக்கே சிரித்துவிட்டு, உட்காரவைத்து, தன் பங்குக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்து எல்லாம் சொல்லியிருக்கிறார். திரும்பி வந்தவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்துக் கோடு போடத் தொடங்கினார். எந்தக் கூடாரம் எப்போது நட்டது, எப்போது அணைக்க வேண்டும், எது கல்லறைத் திருநாளுக்கு, எது அன்னையர் தினத்துக்கு. அவர் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்த மூன்று வாரக் கணக்கு கடைசியில் ஓர் இடத்தில் போய் உட்கார்ந்தது.

இப்போது வாரத்தில் சில நாள் அங்கே போகிறார். பழைய லேண்ட் ரோவர் ஒன்று இருக்கிறது; இந்த மலையில் காய்கறி தூக்குகிற வண்டிகளில் பாதி அதுதான், வண்டியின் வயது ஓட்டுகிறவரின் வயதுக்குக் குறையாது. அதன் பிரேக்கைப் பற்றி அபிப்பிராயம் சொல்கிறார். வேலைக்கு வந்த வங்காளதேசத்துப் பையன்களுக்குப் பெட்டி அடுக்கக் கற்றுக்கொடுக்கிறார். தோட்டத்திலும் கடைசி வருடங்களில் அவர் கீழே வேலை பார்த்தவர்கள் பெரும்பாலும் அந்த ஊர்ப் பிள்ளைகளும் நேப்பாளிகளும்தான். நம் பிள்ளைகள் படித்துவிட்டுக் கீழே இறங்கிப் போய்விட்டார்கள். அதனால் பாதி மலாய், பாதி தமிழ், மீதி கையசைவில் அவருக்குப் பேச்சு சரளம். சாயங்காலம் காய்கறி லாரிகள் கோலாலம்பூருக்குக் கிளம்புகிற நேரத்தில் சாலையோரம் நின்று எண்ணிக்கை பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். பள்ளி விடுமுறையில் கியா பார்ம் பக்கம் நெரிசல் ஆகிவிட்டால் அன்றைக்கு அவருக்குத் திருவிழா. எந்த வளைவில் எந்த பஸ் மாட்டியிருக்கிறது என்று செய்தி சொல்ல வீட்டுக்கும் ரோட்டுக்கும் நடப்பார்.

மிச்ச நாட்களுக்கு நான் ஒரு ரவுண்டு போட்டுக் கொடுத்திருக்கிறேன். இதை மட்டும் வருகிற பெண்களிடம் காகிதத்தில் எழுதியே கொடுக்கிறேன், ஏனென்றால் பலன் கொடுத்தது இதுதான். மூன்று வாரச் சுற்று. ரோஜாவுக்கு ஒரு நாள், கூரைத் தண்ணீர் போகிற தகரத்தில் இலை அள்ள ஒரு நாள், கோழிக்கூண்டு, மளிகைக் கணக்கு, மருத்துவமனையில் ரத்த அழுத்தம் பார்ப்பது, பேரப்பிள்ளைகளோடு தொலைபேசி. வேலி சுற்றில் இல்லை. சுற்றை எழுதிய தாள் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறது. சும்மா "உதவி பண்ணுங்க" என்று சொன்னால் அவர் மொத்த வீட்டையும் எடுத்துக்கொள்வார். பகுதி பிரித்து, நாள் குறித்துக் கொடுத்தால் அந்தப் பகுதியோடு நிற்பார். மேற்பார்வை பார்த்துப் பழகியவருக்கு மேற்பார்வை தேவைப்படும் என்று எனக்கு முன்னமே தோன்றாமல் போயிற்று.

சுற்றில் ஒரு நாளை வெறுமையாக விட்டிருந்தேன். அதற்குச் சண்டை. "இதென்ன, ஒண்ணும் எழுதல?" என்றார். அப்போதுதான் அவருடைய தேயிலையையே எடுத்து அவரிடம் பேசினேன். நம் செடி தூங்குவதில்லை என்று ஊரெல்லாம் சொல்கிறோமே, ஒரு தனிக் கிளையைப் பார்த்திருக்கிறீர்களா? நாலைந்து இலை விட்டதும் அதன் நுனி அரும்பு சுருங்கி, வளர்வதை நிறுத்திக்கொள்ளும். சில வாரம் அப்படியே இருக்கும். பிறகு மறுபடி துளிர்க்கும். டார்ஜிலிங்கில் எல்லாக் கிளையும் ஒரே நேரத்தில் நிறுத்திவிடுகின்றன, அதனால் ஊருக்கே தெரிகிறது. இங்கே ஒன்று நிற்கும்போது பக்கத்தில் இருப்பது வளர்கிறது. முறை போட்டுக்கொண்டு நிற்கின்றன. நம் கண்ணுக்குச் செடி ஓடிக்கொண்டே இருப்பதாகத் தெரிகிறது.

"அது எனக்குத் தெரியாதா? அந்த நுனியைத்தான் பறிக்கும்போது தூக்கிப் போடுவோம், தூள் நல்லா வராது" என்றார். முப்பது வருடமாக இவர் ஓய்வைக் கண்ட இடத்திலெல்லாம் கிள்ளி எறிந்துகொண்டிருந்திருக்கிறார். நான் அதற்குமேல் பேசவில்லை. வெறுமையான நாளும் அப்படியே இருந்தது, அதில் அவர் பென்சிலால் "வேலி?" என்று எழுதுவதும் நான் அழிப்பதுமாகப் போய்க்கொண்டிருந்தது.

ஏப்ரல் மழை பிடித்த பிறகு ஒரு காலை, நான் அடுப்படியில் இருக்கும்போது வாசல்பக்கம் வந்து நின்றார். பெரட்டில் ஆட்கள் அவர் முன்னால் நிற்பார்களே, அந்த நிலை. கையைப் பின்னால் கட்டியிருக்கிறார்.

"இந்தா, வெள்ளிக்கிழமை தகர வேலை இருக்குல்ல."

"இருக்கு."

"அன்னைக்கு ஒரு நாள் லீவு வேணும். தவுக்கே ரிங்லெட் பக்கம் மீன் பிடிக்கப் போறாரு. கூப்பிட்டாரு."

மழைக்காலத்தில் தகரம் அடைத்துக்கொண்டால் தண்ணீர் வீட்டுக்குள் வரும். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். மத்தியானம் சாப்பிடும்போது மறுபடி கேட்டார். வியாழக்கிழமையே தகரத்தை முடித்துவிட்டால் சம்பளத்தோடு லீவு என்று சொல்லியிருக்கிறேன்.